செத்தவர் சவர்க்காரம்

நமசிவாயம் செத்துப்போன அன்று காலை, அவர் கிணற்றடியில் நின்று தன்னுடைய வேட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

நல்ல வெயில். துலாவின் நுனியில் ஒரு காகம் இருந்தது. பாலேஸ்வரி சட்டையை உதறிக் கொடியில் போட்டபடி திரும்பிப் பார்த்தாள்.

"கரைப் பக்கம் ஊத்தை போகேல்லை. இன்னொருக்கால் போடுங்கோ."

"என்ரை சவர்க்காரத்துக்குப் போகாத ஊத்தையோ?"

"உங்கடை சவர்க்காரத்தைக் கண்டு ஊத்தை சிரிக்குது."

அவர் மறுமொழி சொல்ல வாயெடுத்தார். அதற்குள் படலைக்கு வெளியே அந்தச் சத்தம் எழுந்தது.

"ஐயோ என்ரை தம்பீ! என்னை விட்டிட்டுப் போட்டியே என்ரை ராசா!"

இரத்தினம்மாவின் குரல். நமசிவாயத்தின் பெரியம்மா மகள். மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்து மானிப்பாயில் இருந்தாள். அவள் வாய்விட்டு அழுதால்தான் அந்தப் பகுதியில் ஒரு செத்தவீடு செத்தவீடாகும்.

நமசிவாயம் கையில் நுரையோடு முற்றத்துக்கு ஓடிவந்தார்.

"ஆரக்கா செத்தது?"

இரத்தினம்மா தலைவிரி கோலமாக நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதான் தம்பி" என்றாள். சொல்லிவிட்டு மயங்கி விழுந்தாள்.

விஷயம் ஒரு சவர்க்காரத்தில் தொடங்கியது.

நமசிவாயம் கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சராக இருந்து இளைப்பாறியவர். இளைப்பாறிய மறுகிழமையே பாலேஸ்வரியின் தம்பி கனகரத்தினம் சைக்கிளில் வந்து இறங்கினான். அவனுக்குச் சுன்னாகத்தில் மிளகாய்க் கடை.

"அத்தான், வீட்டிலை ஏன் சும்மா குந்திக்கொண்டு இருக்கிறியள்? கடைக்கு வந்து மிளகாய் நிறுங்கோவன். ஒரு கதிரை போட்டுத் தாறன்."

அந்தக் கதிரை நமசிவாயத்தின் கனவில் வரத் தொடங்கியது. கனவில் அவர் தும்மித் தும்மி மிளகாய் நிறுக்க, பின்னால் நின்று மைத்துனன், "பாத்து அத்தான், தட்டைக் கையாலை அமத்தாதேங்கோ" என்பான். முப்பது ஆட்களை மேய்த்தவர் அவர். விடியும்போது வியர்த்து எழும்புவார்.

அது யுத்த காலம்; யாழ்ப்பாணத்துக்குச் சாமான் கொண்டுவர அரசு தடை போட்டிருந்தது. கொழும்பிலிருந்து பற்றரி வராது, மண்ணெண்ணெய் வராது, சவர்க்காரம் வராது. ஆகவே நமசிவாயம் சவர்க்காரம் செய்யத் தொடங்கினார். தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், எங்கோ அலைந்து பிடித்த கோஸ்ரிக் சோடா. பாலேஸ்வரியின் கலியாணச் சீரில் வந்த கிடாரத்தில் மூன்று நாள் கிண்டினார். மண்ணிறத்தில், வேப்பங்கொட்டை மணத்தில், செங்கல்லுக்குத் தம்பி மாதிரி ஒன்று உருவாகி வந்தது. மனைவியைச் சமாதானப்படுத்த அதற்கு 'பாலா சவர்க்காரம்' என்று பெயர் வைத்தார்.

"என்ரை பேரை வைக்க வேறை சாமான் கிடைக்கேல்லையோ?" என்றாள் பாலேஸ்வரி. ஆனால் அன்று அந்தச் சவர்க்காரத்தில்தான் முகம் கழுவினாள். கண் எரிந்தது. சொல்லவில்லை.

ஒருவரும் வாங்கவில்லை. ஊர் முழுவதும் பனம்பழத்தில் உடுப்புத் தோய்க்கப் பழகிவிட்டது.

கனகரத்தினம் வந்து அடுக்கியிருந்த கட்டிகளைப் பார்த்தான். "சரி அத்தான். கந்தசுவாமி கோயில் கொடியேத்தம் வரைக்கும் பாப்பம். பிறகு நீங்கள் கடைக்கு வாறியள். கதிரைக்குச் சொல்லிப்போட்டன்."

அன்று இரவுச் சாப்பாட்டில் பாலேஸ்வரி சொன்னாள். "இஞ்சருங்கோ, சனம் சவர்க்காரத்தைக் கட்டாயம் எண்டால்தான் தொடும். ஒண்டில் கலியாணவீடு, ஒண்டில் செத்தவீடு."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"நோட்டீஸ் அடியுங்கோ. வெறும் எழுத்தை ஆர் நிண்டு வாசிக்கிறது? படம் போட்டு அடியுங்கோ."

"ஆற்றை படம்?"

"உங்கடைதான். சவர்க்காரத்துக்கு மூஞ்சை இல்லைத்தானே."

மருதனார்மடத்தில் அடைக்கலநாதனின் அச்சுக்கூடம் இருந்தது. கொழும்புத்துறையிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து போகிறவன். நல்ல மனிதன், கைகள் எப்போதும் கறுப்பு. கடதாசி இல்லாததால் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அடித்தான். மை இல்லாததால் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்தான்.

"படத்துக்குப் புது புளொக் வெட்ட ஏலாது அண்ணை, தகடு இல்லை" என்றான். "ஆனால் உங்கடை பிரியாவிடை மலருக்கு வெட்டின புளொக் ஒண்டு கிடக்கு."

நமசிவாயத்துக்குப் பெருமையாக இருந்தது. நல்ல படம் அது. கழுத்து நிறைய மாலை, சற்றே குனிந்த தலை, பாதி மூடிய கண். அவர் தான் எழுதிய ஒற்றையில் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் மருதனார்மடச் சந்தைக்குப் போய் வந்த பாலேஸ்வரி, "மெசின் சத்தம் கேட்டது, உங்கடை நோட்டீஸ்தான் போலை" என்று வந்து சொன்னாள். இரவோடு இரவாக நோட்டீஸ் ஒட்டப்பட்டது. மதகு, கடைச்சுவர், கோயில் வீதி, கரண்ட் இல்லாத கரண்ட் மரங்கள், ஒன்றும் தப்பவில்லை.

இப்போது முற்றத்தில் இரத்தினம்மாவின் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்க, பக்கத்து வளவுப் பெடியன்கள் ஒரு மரத்திலிருந்து உரித்துவந்த நோட்டீஸை நமசிவாயம் முதல்முறையாகப் பார்த்தார்.

கொப்பிக் கோடுகளுக்கு மேல் எழுத்துகள் மங்கிப்போய், எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தன. படம் மட்டும் நன்றாகப் பதிந்திருந்தது. மாலையோடு, தலை குனிந்து, கண் மூடி. அதைச் சுற்றி விரல் தடிப்பில் ஒரு கறுப்புக் கரை.

"இதென்னடி இது!"

பாலேஸ்வரி எட்டிப் பார்த்தாள். மார்பில் அடித்துக்கொண்டாள். "அந்த அடைக்கலத்தின்ரை மெசினிலை இடி விழ!"

அதற்குள் ஊர் வரத் தொடங்கிவிட்டது. சனசமூக நிலையத்துப் பெடியள் ஒழுங்கை முழுவதும் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டே வந்தார்கள். பாதிக் கொடி கட்டிய நிலையில் நமசிவாயத்தைக் கண்டு, "ஐயா, கொஞ்சம் விலகுங்கோ" என்று சொல்லிவிட்டு மீதியையும் கட்டினார்கள்.

மார்க்கண்டு வந்தார். அடுத்த வளவுக்காரர். வேலிப் பிரச்சினையில் பத்து வருடமாக நமசிவாயத்தோடு கதையில்லை. நமசிவாயம் அப்போது இரத்தினம்மாவுக்கு விசிறி தேடி உள்ளே போயிருந்தார். மார்க்கண்டு தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"நமசிவாயம்! நீ சொன்னது சரியடாப்பா! ஒரு முழம் நான்தான் தள்ளிப் போட்டனான்! உன்னட்டைச் சொல்லாமல் விட்டிட்டனே!"

நமசிவாயம் விசிறியோடு வெளியே வந்தார்.

"ஒரு முழமோ, ரெண்டு முழமோ?"

மார்க்கண்டுவின் அழுகை அப்படியே நின்றது. கண்ணைத் துடைத்து, சால்வையைத் தோளில் சரிசெய்தார்.

"அது செத்த ஆளுக்குச் சொன்னது. உமக்கில்லை" என்றார்.

கனகரத்தினம் கோடித் துணியோடு வந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது. அத்தானைக் கண்டதும் கட்டிப்பிடித்தான். பிறகு கையிலிருந்த துணியைப் பார்த்தான். "இதைத் திருப்பி எடுக்க மாட்டாங்கள்" என்று முணுமுணுத்தான்.

கூட்டம் முற்றத்தில் முழித்துக்கொண்டு நின்றது. சிலருக்குச் சந்தோஷம், சிலருக்கு ஏமாற்றம், எல்லோருக்கும் ஒரே கேள்வி. அதை இரத்தினம்மாதான் எழும்பி இருந்து கேட்டாள்.

"இப்ப நாங்கள் முழுகிறதோ, முழுகாமல் போறதோ?"

"ஏனக்கா முழுகிறியள்? நான்தான் சாகேல்லையே!"

"தம்பி, நீ சாகேல்லை எண்டது உன்ரை விஷயம். நாங்கள் செத்தவீடு எண்டு வெளிக்கிட்டு, வந்து அழுதும் முடிச்சாச்சு. முழுகி, உடுத்ததைத் தோய்க்காமல் போனால் மானிப்பாய் வீட்டுக்காரர் என்னைப் படலைக்குள்ளை எடுக்காதுகள்."

"ஓம், துடக்குத் துடக்குத்தானே" என்றார் மார்க்கண்டு.

"சவர்க்காரம்?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

பனம்பழம் உடுப்புக்குச் சரி. தலையில் தேய்த்தால் ஈ மொய்க்கும்.

"சவர்க்காரம் கிடக்கு" என்றாள் பாலேஸ்வரி.

அவள் படலையடியில் பனையோலைக் கடகத்தோடு நின்றாள். கடகம் நிறையச் சவர்க்காரம். அது எப்போது அங்கே போனது என்று நமசிவாயத்துக்குத் தெரியவில்லை. கேட்கவும் நேரமிருக்கவில்லை. சனம் நெருக்கியது. மத்தியானத்துக்குள் கடகம் காலி. பெட்டியும் காலி. கடைசிக் கட்டியைக் கனகரத்தினம் வாங்கினான்.

வேறு யாரும் என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நமசிவாயத்தால் முடியவில்லை. அடைக்கலநாதனிடம் சைக்கிளில் பறந்து போனார்.

"ஏன்ராப்பா கறுப்புக் கரை போட்டனீ?"

"பூக்கரை பழுதாப் போச்சு அண்ணை" என்றான் அவன், மெசினுக்குள் தலையை விட்டபடி. "கரையில்லாட்டி வடிவில்லைத்தானே. கிடந்ததைப் போட்டன்."

திரும்பி வரும் வழியில் மூன்று பேர் அவரைக் கண்டு சைக்கிளிலிருந்து இறங்கி நின்றார்கள். ஒரு மனுசி பிள்ளையை இழுத்து வேலியோடு அணைத்துக்கொண்டாள்.

"நான் உயிரோடை இருக்கிறன் எண்டு ஊருக்குச் சொல்லியாகோணும்" என்றார் வீட்டுக்கு வந்து.

"முருகேசுவைப் பிடியுங்கோ" என்றாள் பாலேஸ்வரி.

முருகேசு தன்னுடைய பழைய காரில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தல் சொல்லுகிறவர். கார் மண்ணெண்ணெயில் ஓடியது. நிற்பாட்டினால் மறுபடி தள்ளவேண்டும் என்பதால் முருகேசு நிற்பாட்டுவதில்லை. அவரிடம் ஒரே ஒரு குரல்தான் இருந்தது. அது செத்தவீட்டுக் குரல்.

"சும்மா 'நமசிவாயம் உயிரோடை இருக்கிறார்' எண்டு சொல்லும்" என்றார் நமசிவாயம்.

முருகேசு மனம் நொந்துபோனார். "அப்பிடி மொட்டையாச் சொல்லுறதோ? எந்த நமசிவாயம் எண்டு சனத்துக்கு விளங்க வேண்டாமோ? தொழிலை எனக்கு விடுங்கோ."

பின்னேரம் கார் புறப்பட்டது.

"இணுவிலைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட..." என்று முதல் ஒழுங்கைக்குக் கேட்டது. "கூட்டுறவுச் சங்க முன்னாள் மனேச்சர் நமசிவாயம் அவர்கள்..." என்று இரண்டாவது ஒழுங்கைக்கு. "பாலேஸ்வரியின் அன்புக் கணவரும்..." என்று சந்திக்கு. "கனகரத்தினத்தின் பாசமிகு அத்தானும்..." என்று வாசிகசாலைக்கு. கார் போய்க்கொண்டே இருந்தது. "பூரண சுகத்தோடு உயிர் வாழ்கிறார் என்பதை அறியத் தருகிறோம்" என்ற பகுதி புகையிலைத் தோட்ட வெளியில் நின்ற இரண்டு ஆடுகளுக்கு மட்டும் கிடைத்தது.

நோட்டீஸ் பார்க்காத ஊர்களுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. மறுநாள் கொழும்புத்துறையிலிருந்தும் சாவகச்சேரியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அழுதார்கள். நமசிவாயத்தைக் கண்டு திகைத்தார்கள். படலையடியில் சவர்க்காரம் வாங்கிக்கொண்டு போனார்கள். நமசிவாயம் இரவிரவாகக் கிடாரத்தைக் கிண்டினார்.

"இன்னொரு நோட்டீஸ் அடிப்பம்" என்றார் மூன்றாம் நாள். "மேலை கொட்டை எழுத்திலை 'நான் சாகவில்லை' எண்டு போட்டு. படம் வேண்டாம்."

"படம் இல்லாட்டில் எந்த 'நான்' எண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் பாலேஸ்வரி.

அது நியாயமாகத்தான் பட்டது. அடைக்கலநாதனும் பூக்கரை தேடுவதாகச் சொன்னான். பிறகு கரி போதாது என்றான். பிறகு கடதாசி இல்லை என்றான். நோட்டீஸ் வெளிவர ஒரு மாதமாகிவிட்டது. அதே படம். அதே கறுப்புக் கரை. மேலே இருந்த கொட்டை எழுத்தில் கரி நன்றாகப் பிடிக்கவில்லை.

செத்து ஒரு மாதத்தில், அதே படத்தோடு, அதே கரையோடு ஒரு நோட்டீஸ் வந்தால் அது என்னவென்று யாழ்ப்பாணத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, அந்தியேட்டிக்கு அழைப்பு.

சனம் குளித்து, திருநீறு பூசி, பசியோடு வந்தது.

"உயிரோடை இருக்கிறார் எண்டும் ஒரு கதை அடிபட்டது" என்று ஒருவர் வாழையிலையின் முன்னால் இருந்தபடி சொன்னார். "எதுக்கும் சாப்பாட்டுக்கு வருவம் எண்டு வந்தன்."

சமைக்காமல் தப்ப முடியவில்லை. கனகரத்தினம் கடையிலிருந்து மிளகாயும் புளியும் கொண்டோடி வந்தான். மார்க்கண்டு வளவிலிருந்து வாழையிலை வெட்டித் தந்தார். அந்த வாழை நின்றது தள்ளிப்போன ஒரு முழத்தில் என்பதை இருவரும் பேசவில்லை. நமசிவாயம் தன்னுடைய அந்தியேட்டியில் தானே சாம்பார் வாளி தூக்கிப் பந்தி பரிமாறினார்.

சாப்பிட்டுக் கை கழுவியவர்கள் போகாமல் நின்றார்கள்.

"கல்வெட்டு எங்கை?"

செத்தவரின் படமும் பாட்டும் போட்டு அந்தியேட்டியில் கொடுக்கும் புத்தகம் கிடைக்காமல் போக அவர்கள் தயாரில்லை. பாலேஸ்வரி உள்ளே போனாள். மிஞ்சிய நோட்டீஸ்களில் ஆளுக்கொரு சவர்க்காரக் கட்டியைச் சுற்றி, படம் மேலே தெரியும்படி கொண்டுவந்து கையில் வைத்தாள்.

"பாட்டு இல்லையோ?" என்றாள் இரத்தினம்மா.

"போட்டுத் தேய்ச்சுப் பாருங்கோ மச்சாள். பாட்டு வரும்" என்றாள் பாலேஸ்வரி.

பத்து நாளில் கடைக்காரர்கள் தேடி வந்தார்கள். 'பாலா' என்ற பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. வலிகாமம் முழுவதும் அதற்கு ஒரே பெயர். "அந்தச் செத்தவர் சவர்க்காரம் ஒண்டு தாங்கோ." கலியாணவீட்டுக்காரர்கூட அப்படித்தான் கேட்டு வாங்கினார்கள். இந்தச் சவர்க்காரம் போட்டால் செத்தவனும் எழும்பி வருவான் என்று சந்தையில் ஒருவன் கூவி விற்றான்.

"நான் சாகேல்லை!" என்று நமசிவாயம் ஒரு கடையில் சத்தம் போட்டார்.

"ஓம் ஐயா, ஓம்" என்று கடைக்காரன் தட்டிக் கொடுத்தான். "ஆனால் உதை வெளியிலை சொல்லாதேங்கோ. யாவாரம் படுத்திடும்."

கோயில் கொடியேற்றத்துக்கு முதல்நாள் கனகரத்தினம் சைக்கிளில் வந்தான். முற்றத்தில் நின்று தலையைச் சொறிந்தான்.

"அத்தான்... கடையிலை வாற சனம் எல்லாம் கேக்குது. செத்தவர் சவர்க்காரம் ஒரு பெட்டி போட ஏலுமே?"

நமசிவாயம் எழுந்து உள்ளே போய், ஒரு கதிரையைத் தூக்கி வந்து மைத்துனனுக்கு முன்னால் வைத்தார்.

"இரு" என்றார்.

பாலேஸ்வரி அன்று சிரித்த சிரிப்பு மார்க்கண்டு வளவுவரை கேட்டது. தேத்தண்ணீர் புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இந்த மனிசன் செத்தும் குடுத்து வைச்சவர்" என்றாள்.

அடுத்த மாரியில் மலேரியா வந்தது. மருந்து வரவில்லை. பாலேஸ்வரிக்குக் காய்ச்சல் தலைக்கேறியது. ஐந்தாம் நாள் அவளுக்கு விடியவில்லை.

இரத்தினம்மா வந்தாள். படலையில் அவளுடைய சத்தம் கேட்கவில்லை. உள்ளே வந்து, பாலேஸ்வரியின் காலடியில் வாய் திறக்காமல் இருந்தாள். ஒழுங்கையில் நின்ற இரண்டொருவர் பழைய செத்தவீட்டை நினைத்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு வெள்ளைக் கொடியைக் கண்டு சிரிப்பை விழுங்கினார்கள்.

நமசிவாயம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதனார்மடத்துக்குப் போனார். அடைக்கலநாதன் எழுந்து நின்றான்.

"அடைக்கலம், படம் வேண்டாம்" என்றார் நமசிவாயம். "கறுப்புக் கரையும் போடாதை. கண்டால் சனம் சவர்க்காரம் எண்டு நினைச்சுச் சிரிச்சுக்கொண்டு போயிடும். ஒருத்தரும் வராதுகள். வெறும் கோடு ஒண்டு இழுத்துவிடு, காணும்."

அடைக்கலநாதன் கையைத் துணியில் துடைத்தான். மேசையின் லாச்சியை இழுத்து, ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து விரித்தான். உள்ளே ஈயத்தில் வார்த்த மல்லிகைப் பூக்கள் வரிசையாகக் கிடந்தன. ஒரு இதழ்கூட உடையவில்லை.

"உது பழுதாப் போச்சு எண்டெல்லோ சொன்னனீ?"

"கறுப்பைப் போடச் சொன்னது பாலேஸ்வரி அக்காதான் அண்ணை. 'அழ வாற சனம் முழுகித்தானே ஆகோணும் அடைக்கலம்' எண்டு சொல்லிச் சிரிச்சவ. பூக்கரை அண்டைக்கும் இந்த லாச்சியிலைதான் கிடந்தது."